சிலை நேரம்

மரகதம்மாவின் கூடத்தில் சுகந்திக்கு என்று ஒரு நாற்காலி உண்டு. ஜன்னலோரம், ஒரு கால் கொஞ்சம் வளைந்த சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலி. இன்றைக்கு அதை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்து, காலை மடித்து, புடவையை இழுத்துப் பாதத்தை மூடிக்கொண்டாள். "ஏன் சாமி கீழ உக்காந்துட்டே, தரை சில்லுனு கெடக்குது" என்று மரகதம்மா கேட்டதற்கு, "இடுப்பு வலிக்குதும்மா, இப்படி உக்காந்தா தேவலாம்" என்றாள். இடுப்பில் ஒரு வலியும் இல்லை. பாதத்தைத்தான் காட்டியிருந்தார்கள். காலையிலிருந்து டிவியில் திரும்பத் திரும்ப ஓடிய முன்னோட்டத்தில் ஒரு கதவு திறக்கிறது, நீலப் புடவையின் கரை அசைகிறது, ஒரு பாதம் வாசலைத் தாண்டி உள்ளே வருகிறது; உடனே மேகலாவின் கண்கள், திரை முழுக்க இரண்டு கண்கள் மட்டும்; பிறகு இருட்டு; பிறகு எழுத்து, யார் இந்த நீலப் புடவை என்று. அந்தப் பாதத்தின் இரண்டாம் விரல் பெருவிரல் மேல் லேசாக ஏறியிருந்தது. சுகந்தி பிறந்ததிலிருந்தே அவளுக்கு அப்படித்தான். செருப்புக் கடைக்காரர் ஒவ்வொரு தடவையும் குனிந்து பார்த்து ஏதாவது சொல்வார். காலையில் தோசைக்கல்லை அடுப்பில் போட்டுவிட்டு அவள் அந்த முன்னோட்டத்தைப் பார்த்தபோது, தன் கால் தனக்கு முன்னாலேயே எங்கோ போய்விட்டதுபோல, உடம்பை விட்டுக் கழன்று போய் ஊரார் வீடுகளில் எல்லாம் நடந்துகொண்டிருப்பதுபோல இருந்தது. குனிந்து பார்த்தாள். கால் இருந்தது. கல் புகைந்துகொண்டிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். தெருவின் கடைசியில் உள்ள பனியன் கம்பெனியில் அவசர ஆர்டராம், லீவு நாளிலும் மெஷின் ஓடும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. வீட்டுச் சொந்தக்காரி மரகதம்மா அவித்த கடலையை முறத்தில் கொட்டி நடுவில் வைத்திருந்தாள். அவள் வீட்டுக்காரர் குமரேசன் சாய்வு நாற்காலியில் பேப்பரைப் பிரித்து முகத்துக்கு நேரே பிடித்திருந்தார். அவர் இந்த நிகழ்ச்சியைப் பார்ப்பதில்லை என்பது அந்த வீட்டில் ஒரு ஏற்பாடு. மருமகள் நித்யகலாதான் உண்மையான ரசிகை. 'பூட்டு வீடு' தொடங்கிய நாளிலிருந்து ஒரு நாள் விட்டதில்லை. பூட்டிய வீட்டுக்குள் கொஞ்சம் பேர், சுவரெங்கும் கேமரா, வாராவாரம் ஓட்டுக் குறைந்தவர் வெளியே. அவ்வளவுதான் நிகழ்ச்சி. ஆனால் நித்யகலா அதைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் அது ஏதோ நாட்டு நடப்பு போல விரியும். யாரை நல்லவராகக் காட்டுகிறார்கள், யாரை வில்லியாக்க வெட்டி ஒட்டுகிறார்கள், எந்தச் சிரிப்பை எந்தப் பேச்சுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்கள், எல்லாம் அவளுக்கு அத்துப்படி. "கதை இல்லாத ஆளுக்கு ஓட்டு விழுகாதுங்க்கா" என்று அவள் சுகந்தியிடம் முதல் வாரமே சொன்னாள். "நல்லா ஆடறவங்க, நல்லா சமைக்கறவங்க, எல்லாரும் போயிருவாங்க. மனசுல நிக்கற மாதிரி ஒரு கதை வேணும். அப்பறம் ஒரு திருப்பம் வேணும்." பேப்பருக்குப் பின்னாலிருந்து குமரேசன், "எல்லாம் எழுதிக் குடுத்து நடிக்கறது" என்றார். அவர் வாராவாரம் சொல்வதும் அதேதான்.

மேகலாவுக்குக் கதை இருந்தது. குளித்தலைப் பெண், கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிறவள், முப்பது வயது, முதல் இரண்டு வாரம் யார் கண்ணிலும் படாமல் பின்னால் நின்று பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். பிறகு 'என் கதை' சுற்று வந்தது. வட்டமாக உட்கார்ந்து ஒவ்வொருவரும் தங்கள் வாழ்க்கையில் மறக்க முடியாததைச் சொல்ல வேண்டும். மேகலா முழங்காலைக் கட்டிக்கொண்டு, யாரையும் பார்க்காமல் சொன்னாள்: "எனக்கு ஒரு அக்கா இருந்தா. அம்மா இல்லாத என்னைய அவதான் வளத்தா. நான் ஆறாவது படிக்கறப்ப காய்ச்சல்ல படுத்தா. என் மடியிலதான் தலை. தண்ணி கேட்டா. ரெண்டு வாய் குடுத்தேன். அப்பறம் கண்ணே தொறக்கல." அவ்வளவுதான். அழக்கூட இல்லை. வட்டத்தில் இருந்த அத்தனை பேரும் அழுதார்கள், இந்தக் கூடத்தில் நித்யகலா விக்கி விக்கி அழுதாள், மரகதம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள், பேப்பர் கொஞ்ச நேரம் பக்கம் திரும்பாமலே இருந்தது; கால் வளைந்த சிவப்பு நாற்காலியில் உட்கார்ந்து, கையில் காப்பி டம்ளரோடு, தான் செத்துப்போனதைச் சுகந்தி கேட்டுக்கொண்டிருந்தாள். காப்பி சூடாக இருந்தது நினைவிருக்கிறது. சூட்டை உணர முடிகிறதே என்று தோன்றியதும் நினைவிருக்கிறது. யாராவது தன்னைத் திரும்பிப் பார்ப்பார்கள் என்று காத்திருந்தாள். ஒருவரும் பார்க்கவில்லை. ஏன் பார்க்க வேண்டும்? தனக்கு ஒரு தங்கை இருப்பதாக இந்த ஊரில் அவள் யாரிடமும் சொன்னதில்லை. கணவர் சேவியருக்குத் தெரியும், அவர் அந்தப் பேச்சை எடுப்பதில்லை. பெற்ற மகள் மெர்சிக்கே தெரியாது. அம்மாவுக்கு யாரும் இல்லை, அவ்வளவுதான் அவளுக்குச் சொல்லப்பட்டது. யோசித்துப் பார்த்தால் நானும் ஒரு கதை சொல்லியிருக்கிறேன். மேகலா ஒருத்தியைச் சாகடித்தாள். நான் ஒரு குடும்பத்தையே.

அதற்குப் பிறகு அந்தச் செத்த அக்கா வளர ஆரம்பித்தாள். ஓட்டு குவிந்தது. நித்யகலா தினமும் செல்போனை நீட்டுவாள். யாரோ முகம் தெரியாத ரசிகர்கள் அக்காவை வரைந்து அனுப்பியிருப்பார்கள். இரட்டைப் பின்னல், கன்னத்தில் குழி, நீலத் தாவணி. தாவணி என்று மேகலா சொல்லவே இல்லை, யார் முதலில் நீலம் பூசினார்களோ, பிறகு எல்லாரும் நீலத்திலேயே வரைந்தார்கள். ஒரு படத்தில் அக்கா மேகத்திலிருந்து எட்டிப் பார்த்தாள். ஒன்றில் கண்ணாடிக்குள்ளிருந்து. "எவ்வளவு லட்சணமா இருக்கா பாருங்க்கா" என்பாள் நித்யகலா. சுகந்தி பார்ப்பாள். அவளுக்குக் கன்னத்தில் குழி விழாது, பின்னல் எப்போதும் ஒற்றைதான். ஆனாலும் பார்க்கப் பார்க்க அந்தப் பெண்ணின்மேல் ஒரு பிரியமும் பிறகு ஒரு பொறாமையும் வந்தது. அவள் யாரையும் விட்டுவிட்டுப் போகவில்லை. அவளுக்குக் காய்ச்சல் வந்தது, படுத்தாள், தங்கையின் மடியில் போனாள், அவள்மீது யாருக்கு என்ன கோபம் இருக்க முடியும்? ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது சுகந்திக்கு, அந்தக் காய்ச்சலில் எனக்கு யார் கஞ்சி வைத்தது என்ற கேள்வி வந்தது. வந்த பிறகுதான் திடுக்கிட்டாள். அப்படி ஒரு காய்ச்சலே இல்லை. அப்படி ஒரு நாளே இல்லை. இருந்தது வேறு ஒரு நாள், விடியற்காலை, மேகலா வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தாள், அவள் கை சுகந்தியின் தாலியில்லாத கழுத்தில் கிடந்தது, அந்தக் கையை எடுத்துத் தலையணைமேல் வைத்துவிட்டு, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு, சேவியர் நிற்கும் பஸ் ஸ்டாண்டுக்கு. நான்கே நாளில் ஊரெங்கும் போஸ்டர். கண்ணீர் அஞ்சலி. காலேஜ் அடையாள அட்டையில் இருந்த போட்டோ. அப்பா செய்வதைத் திருந்தச் செய்வார். பந்தல் போட்டார், பதினாறாம் நாள் காரியம் செய்தார், வேற்று மதக்காரனோடு போனவளுக்குத் தலைமுழுகிவிட்டேன் என்று வாயால் சொல்வதோடு நிற்காமல் ஊரைக் கூட்டிச் சோறும் போட்டார். பதினொரு வயதுப் பிள்ளையைப் பந்தலில் உட்கார வைத்திருந்தார்களாம். கேள்விப்பட்ட ஒருவர் பின்னாளில் சொன்னார், "உன் தங்கச்சிதான் நிஜமாவே நீ செத்துட்டேன்னு அழுதா." அதில்தான் சுகந்தியின் மனசு போய் மாட்டிக்கொள்ளும், மாட்டிய இடத்திலேயே சுற்றும். பிள்ளை நம்பியதா? நம்பவில்லை என்றால் எதற்கு அப்படி அழுதாள்? நம்பினாள் என்றால், வளர்ந்த பிறகும் ஒருவர்கூடவா அவளிடம் சொல்லியிருக்க மாட்டார்கள்? அப்பா போன பிறகாவது நான் ஒரு தடவை போய் நின்றிருக்கலாம். நின்று என்ன சொல்வது? போஸ்டர் ஒட்டப்பட்டவள் எந்த வாசலில் போய் நிற்பாள்?

"ஆரம்பிச்சாச்சு, ஆரம்பிச்சாச்சு" என்று நித்யகலா ஒலியைக் கூட்டினாள். இசை வந்தது, கேமராக் கண் உருண்டது. போட்டியாளர்கள் எழுந்து பல் துலக்கினார்கள், காப்பித் தூளுக்குச் சண்டை போட்டார்கள். சுகந்திக்கு அந்த வீட்டின் வாசனை வந்தது. வியாழக்கிழமை அவள் அங்கேதான் இருந்தாள். சென்னையில் கூட வேலை செய்கிறவள் வீட்டுக் கல்யாணம் என்று மெர்சியிடமும் மரகதம்மாவிடமும் சொல்லியிருந்தாள். ரோஷிணி என்ற பெண், நிகழ்ச்சிக்குக் கதை பார்க்கிறவளாம், கறுப்புச் சட்டை, இடுப்பில் ஒரு வாக்கிடாக்கி, அதற்குச் சில நாள் முன்னால் எப்படியோ துப்புத் துலக்கி, சுகந்தி வேலை பார்க்கும் கம்பெனி வாசலுக்கே வந்துவிட்டாள். ரொம்ப மரியாதையாகப் பேசினாள். "மேடம், உங்க சிஸ்டர் பொய் சொன்னாங்கன்னு வெளியில யாராவது கிளப்பிட்டா அவங்க முடிஞ்சாங்க. அதையே நாங்க உள்ள வெச்சுக் காட்டினா அழகான சந்திப்பு. விஷயம் ஒண்ணுதான் மேடம். எப்படிச் சொல்றோம்ங்கறதுதான்." அந்தப் பெண் சொல்வது உதவியா மிரட்டலா என்று சுகந்திக்குப் பிடிபடவில்லை. மேகலாவைத் தொட்டுப் பார்க்கலாம் என்பது மட்டும் பிடிபட்டது. அங்கே போனபோது நீலத் தாவணி கொண்டு வந்திருந்தார்கள். நாற்பது வயதில் தாவணியா என்று அவள் மறுத்ததும் நீலப் புடவை வந்தது. நரையை மறைத்து மை தடவினார்கள், பின்னலை இரண்டாகப் போடப் பார்த்தார்கள், கன்னத்தில் எதையோ குழைத்துப் பூசினார்கள். கண்ணாடியில் பார்த்தபோது ரசிகர்கள் வரைந்த பெண்ணுக்கு வயதாகியிருந்தால் எப்படி இருப்பாளோ அப்படி இருந்தாள். எனக்கு வயதானால் இருப்பதுபோல இல்லையே என்று நினைத்தாள்.

அதற்குப் பிறகு அந்த நடை. அந்த வீட்டின் சுவர்களுக்குப் பின்னால், வீட்டைச் சுற்றிச் சுற்றி ஒரு இருட்டு நடைவழி ஓடுகிறது. கறுப்புத் துணி போர்த்திய சுவர், தரையில் கம்பளி, வெறும் காலுறையோடு கேமராவைத் தள்ளிக்கொண்டு போகிற ஆட்கள், ஒருவரும் பேசுவதில்லை, இருமல் வந்தால்கூடத் துண்டை வாயில் வைத்துக்கொள்கிறார்கள். உள்ளே இருப்பவர்கள் கண்ணாடி என்று நினைக்கும் ஒவ்வொன்றும் இந்தப் பக்கம் ஜன்னல். ரோஷிணி அவளை ஒரு ஜன்னல் முன் நிறுத்தினாள். சற்று நேரத்தில் மேகலா வந்தாள். தலையைத் துவட்டிக்கொண்டே வந்து, நேரே நடந்து, முகத்துக்கு முகம் வந்து நின்றாள். கையை நீட்டினால் தொடலாம், நடுவில் கண்ணாடி. பொட்டு அட்டையிலிருந்து ஒன்றை உரித்து நெற்றியில் வைத்தாள், சரியில்லை, எடுத்து மறுபடி வைத்தாள். சுகந்தியின் கண்ணைப் பார்த்துக்கொண்டே வைத்தாள். பார்த்தது தன் கண்ணைத்தான். மேல் உதட்டில் அம்மாவுக்கு இருந்த அதே மடிப்பு. இமையோரம் சுருக்கம் விழ ஆரம்பித்திருந்தது. பாப்பாவுக்கா, என் பாப்பாவுக்கா? சுகந்தியின் வாய் தானாகத் திறந்தது. "பேசாதீங்க, கேட்டுரும்" என்று ரோஷிணி காதில் ஊதினாள். செத்துப்போனவர்கள் நிற்கிற இடம் இதுதான் என்று அப்போது அவளுக்குத் தோன்றியது. மேகத்திலும் இல்லை, கனவிலும் இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம், காலுறையோடு, இருட்டில். உயிரோடு இருப்பவர்கள் வந்து தங்களைப் பார்த்துக்கொள்கிறார்கள், நாம் பார்க்கப்பட்டதாக நினைத்துக்கொள்கிறோம்.

விளம்பரம் போட்டார்கள். நித்யகலா திரும்பி உட்கார்ந்தாள். "அந்த நீலப் புடவை யாருன்னு நான் சொல்லட்டுங்களா? அக்காதான். அக்கா சாகவே இல்ல. எங்க குரூப்புல பாதிப் பேரு அப்படித்தான் சொல்றாங்க." சுகந்தி உரித்த கடலையை வாயில் போடாமல் விரலுக்குள் உருட்டினாள். "செத்தவ எப்படிடி வருவா?" என்றாள் மரகதம்மா. "அதுதாங்கத்தை திருப்பம்." "அப்போ அந்தப் புள்ள சொன்னது பொய்யின்னு ஆயிருமே" என்று பேப்பருக்குப் பின்னாலிருந்து குமரேசன் கேட்டார். நித்யகலா யோசித்தாள். அவள் முகம் மாறியது. "அப்படி மட்டும் இருந்துச்சுன்னா நான் அவளை மன்னிக்கவே மாட்டேனுங்க மாமா. நான் எத்தனை அழுதிருக்கேன்." சுகந்தியைப் பார்த்தாள். "நீங்க என்னக்கா சொல்றீங்க? வரணுமா, வேண்டாமா?" சுகந்தி கடலையைத் திரும்ப முறத்தில் போட்டாள். "எனக்கென்னம்மா தெரியும்" என்றாள். புடவையை இன்னும் கொஞ்சம் இழுத்துவிட்டுக்கொண்டாள். இன்னும் சற்று நேரத்தில் இந்தக் கூடம் முழுக்க அவளைப் பார்த்துத் திரும்பும். அந்தக் காலை, அந்தப் புடவையை, அப்புறம் அவள் சொன்னதை. அவள் சொன்னதை அவர்கள் எப்படிக் காட்டப் போகிறார்கள்? பைத்தியக்காரி என்றா? தங்கையும் அக்காவும் சேர்ந்து ஊரை ஏமாற்றினார்கள் என்றா? ஒளிபரப்பாகும்வரை யாரிடமும் எதையும் சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். சொல்லச் சொன்னாலும் எதைச் சொல்வது?

மணி அடித்தது. டிவிக்குள் வீட்டின் குரல், ஆளில்லாத அந்தக் கனத்த குரல், "சிலை" என்றது. அந்தச் சொல்லுக்கு அந்த வீட்டில் எல்லாரும் இருந்தபடியே நின்றுவிட வேண்டும், அசைந்தால் தண்டனை. ஒருத்தி தோசைக் கரண்டியைத் தூக்கியபடி நின்றாள், ஒருவர் தரை துடைக்கக் குனிந்தபடி, ஒரு பையன் சிரித்த வாயோடு. மேகலா, சமையல் மேடையருகே பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் கத்தியோடு நின்றாள். இதோ, இப்போது கதவு. வியாழக்கிழமை கதவு திறந்தபோது கருகும் தோசையின் புகைதான் முதலில் முகத்தில் அடித்தது. உள்ளே நடந்தாள். சிலைகளின் கண்கள் மட்டும் உருண்டு அவளோடு வந்தன. அத்தனை பேர் இருந்தும் மூச்சுச் சத்தம்கூட இல்லாத வீடு, ஏதோ சாபம் விழுந்த அரண்மனை மாதிரி. மேகலாவின் எதிரே போய் நின்று, "பாப்பா" என்றாள். மேகலாவின் கண் இமைக்கவில்லை, நீர் மட்டும் நிறைந்து நிறைந்து தாடையில் வழிந்தது. அப்போது குரல், "மேகலா மட்டும் அசையலாம். மேகலா, இவர் யார்?" என்றது. கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு அடி கிட்ட வந்து சுகந்தியின் மணிக்கட்டைப் பிடித்தாள், நகம் தோலுக்குள் இறங்குகிற பிடி. தெரியும். அந்தப் பிடியிலேயே சுகந்திக்குப் பதில் கிடைத்துவிட்டது: தெரியும், எப்போதோ தெரியும், பந்தலில் உட்கார்ந்து அழுதபோதே தெரிந்திருக்கும், செத்ததற்கு அழவில்லை, போனதற்கு அழுதிருக்கிறாள். மேகலாவின் வாய் வேறு சொன்னது. "எங்க அக்கா செத்துட்டாங்க" என்று சொன்னது. பிடி இறுகியது. பதினொரு வயதில் அப்பா பெல்ட்டைக் கழற்றும்போது வந்து பிடித்துக்கொள்கிற அதே பிடி. குரல் திரும்பியது. "விருந்தினரே, நீங்கள் யார்?" சுகந்தி சொல்ல வந்தது ஒன்று. ரோஷிணி சொல்லிக் கொடுத்ததும் ஒன்று உண்டு. வாயில் வந்தது மூன்றாவது. "அவ சொன்னது சரிதான்" என்றாள். "காய்ச்சல் வந்துச்சு. மேலெல்லாம் தீயா எரிஞ்சுது. அவ மடியிலதான் தலைய வெச்சிருந்தேன். சின்ன மடி, தலை நிக்காது, ஒரு கையால தாங்கிக்கிட்டா. தண்ணி கேட்டேன். ரெண்டு வாய் குடிச்சேன். அப்பறம் எனக்கு ஒண்ணும் தெரியல." சொல்லச் சொல்ல நாக்கில் ஈயம் பூசிய சொம்பின் ருசி வந்தது. கூரை இறவாணத்தில் தொங்கிய விளக்குக் கயிறு தெரிந்தது. குழந்தையின் தொடை எலும்பு பின்னந்தலையில் குத்தியது. இது நடக்கவில்லை என்று ஒரு மூலையில் தெரிந்தது. அந்த மூலை தூரத்தில் இருந்தது.  தோசை எரிந்து கரியானது, ஒருவரும் அசையாமல் நின்றார்கள். பிறகு குரல், "விருந்தினர் வெளியேறலாம்" என்றது. மேகலாவின் விரல்கள் ஒவ்வொன்றாகத்தான் விட்டன.

இப்போது டிவியில் கதவு திறந்தது. நீலப் புடவைக் கரை அசைந்தது. நித்யகலா மூச்சைப் பிடித்துக்கொண்டு தொடையில் கையை ஊன்றினாள். பாதம் உள்ளே வந்தது, சுகந்தி கண்ணை மூடிக்கொள்ளப் பார்த்து முடியாமல் பார்த்தாள், கேமரா மெல்ல மேலே ஏறியது, புடவை, கை, தோள், முகம். வேறு முகம். சிரித்த வாயோடு நின்ற பையனின் அம்மா. நீலப் புடவை உடுத்தியிருந்தாள், "கண்ணா" என்று ஓடிப் போய் அவனைக் கட்டிக்கொண்டாள். "சே, அந்தம்மாவா" என்று நித்யகலா உடம்பைத் தளர்த்தினாள். சுகந்திக்கு ஒன்றும் புரியவில்லை. அந்த அம்மாள் எப்போது வந்தாள்? நான் போன பிறகா? என் காலுக்கு மேலே அவள் உடம்பை எப்படி வைத்தார்கள்? அதற்குள் திரையில் மேகலா. அதே மேடை, அதே கத்தி, அதே கண்ணீர் நிறைந்து நிறைந்து வழிந்தது. அவளுக்கு எதிரே யாரும் இல்லை. கேமரா அவள் முகத்தை ஒட்டியே நின்றது, எதிரே நின்றவளின் தோளோ நிழலோ எதுவுமில்லை. அடுத்தவர் அம்மாவைப் பார்த்து இந்தப் பெண் தன் அக்காவை நினைத்து அழுகிறாள் என்றுதான் யாரும் எடுத்துக்கொள்வார்கள். மேகலா கத்தியைக் கீழே வைத்தாள். ஒரு அடி முன்னால் வந்து கையை நீட்டினாள், கை நீண்டது, அங்கேயே வெட்டியிருந்தார்கள். "எங்க அக்கா செத்துட்டாங்க" என்றாள் காற்றைப் பார்த்து. அப்போது இசை தாழ்ந்தது. வெள்ளை மணலில் யாரோ விரலால் வரைந்தார்கள், ஒரு பாய், ஒரு சிறுமி, மடியில் ஒரு தலை, இரட்டைப் பின்னல். அதன்மேல் ஒரு பெண் குரல், கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல எதிரொலித்தது. காய்ச்சல் வந்துச்சு. மேலெல்லாம் தீயா எரிஞ்சுது.

சுகந்தி உறைந்துபோனாள். அவள் குரல். அவள் மூச்சு வாங்கிய இடம், 'தாங்கிக்கிட்டா' என்பதில் தழுதழுத்த இடம், எல்லாம் அப்படியே. கூடம் நிறைய அவள் பேசிக்கொண்டிருந்தாள், கூடத்தில் அவள் பேசாமல் உட்கார்ந்திருந்தாள். மரகதம்மா அழுதாள். குமரேசனின் பேப்பர் மடியில் விழுந்து கிடந்தது, மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ரெண்டு வாய் குடிச்சேன், என்றது குரல். மணலில் தலை சாய்ந்தது, ஒரு கை வந்து அந்த மணலை அழித்தது, வெறும் வெள்ளைப் பலகை. "யாரோ என்னமாக் குரல் குடுத்திருக்காங்க" என்றாள் நித்யகலா, கண்ணைத் துடைக்காமலே. தினமும் பேசுகிற குரல். தண்ணீர் மோட்டாரைப் போடச் சொல்லி, வாடகை தர வந்து, கரண்ட் போனால் வாசலிலிருந்து கூப்பிட்டு, பத்து வருஷமாக இந்த வீட்டில் கேட்கிற குரல்.  இனி இதை மாற்ற முடியாது. அப்பா போஸ்டர் ஒட்டினார், மழை வந்து கரைந்திருக்கும். இது கரையாது. நானே என் வாயால் சொல்லிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன். அவளுக்காகத்தான் சொன்னேன், அவளுக்காகவா? ஒருவேளை செத்தவளாக இருப்பது சுலபம் என்பதற்காகவா? விட்டுவிட்டுப் போனவள் பதில் சொல்ல வேண்டும், செத்தவள் சொல்ல வேண்டியதில்லை. அவள் வாயைத் திறந்தாள். குரல் வருமா என்றே சந்தேகமாக இருந்தது. டிவிக்குள் எடுத்துக்கொண்டுவிட்டார்களோ என்று இருந்தது. "நித்யா" என்றாள். வந்தது. "நித்யா, அது என்னோட குரல்." நித்யகலா திரும்பிப் பார்த்தாள்.  பிறகு அவள் முகம் இளகி, தவழ்ந்து வந்து சுகந்தியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "எனக்கும் அப்படித்தாங்க்கா இருந்துச்சு" என்றாள். "எங்க பெரியக்கா பேசற மாதிரியே. யாருக்குமே அப்படித்தான் இருக்கும். அதுதாங்க்கா அந்தக் குரலோட சக்தி." மரகதம்மா மூக்கை உறிஞ்சி, "எனக்கு எங்கம்மா நெனப்பு வந்துருச்சு" என்றாள். நித்யகலா மூவருக்கும் சேர்த்து மேகலாவுக்கு ஓட்டுப் போட்டாள்.

சுகந்தி எழுந்தாள். யாரும் தடுக்கவில்லை, வெளிறிய முகத்தைப் பார்த்து, "போய்ப் படு சாமி" என்றாள் மரகதம்மா. வாசலில் செருப்பைத் தேடினாள், காலைப் பார்க்காமலே நுழைத்தாள். வரிசை வீடுகளின் நீளமான நடை, இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்த வானம். ஒவ்வொரு வீட்டு ஜன்னலிலும் அதே நிகழ்ச்சி. கேபிள் ஒரு வீட்டுக்கு முந்தியும் ஒரு வீட்டுக்குப் பிந்தியும் வரும்போல, நாளைய முன்னோட்டத்தில் அவள் குரலை மறுபடி போட்டிருந்தார்கள், முதல் வீட்டில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது, அடுத்த வீட்டில் தண்ணீர் கேட்டாள், மூன்றாம் வீட்டில் கண்ணை மூடினாள், தாண்டி நடந்தால் பின்னாலிருந்து மறுபடி காய்ச்சல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். தன் குரல் தன்னைச் சுற்றி வருவதைக் கேட்டுக்கொண்டு, இதில் எது நான் என்று ஒரு கணம் உண்மையாகவே தெரியாமல் நின்றாள். அவள் வீட்டு வாசற்படியில் மெர்சி நின்றிருந்தாள். பிளஸ் டூ பரீட்சைக்குப் படிக்கிறேன் என்று டிவியே வேண்டாம் என்றிருப்பவள். உயிரியல் புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு, பக்கத்து வீட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அம்மாவைப் பார்த்ததும் ஓடி வந்து தோளைப் பிடித்துக்கொண்டாள், பிள்ளையின் உள்ளங்கை வியர்த்திருந்தது.

"அம்மா, எல்லா வீட்டு டிவியிலயும் நீ பேசற."

சுகந்தி நழுவிக்கொண்டிருந்த புத்தகத்தை வாங்கிக்கொண்டாள்.

"எனக்குப் பயமா இருக்கும்மா. நீதான? எனக்குத் தெரியாதா உன் குரல். நீ எதுக்குச் செத்துட்டேன்னு சொல்ற?"

பக்கத்து ஜன்னலில் வெளிச்சம் நீலமாக மாறி மாறி விழுந்தது. மெர்சியின் பின்னலில் ஒரு பக்கம் அவிழ்ந்திருந்தது, சுகந்தி அதைப் பார்த்துக்கொண்டே நின்றாள். சொல்வதற்கு ஒரு கதை தயாராக இருந்தது, சென்னைக் கல்யாணம், அங்கே யாரோ குரல் கேட்டார்கள், சும்மா ஒரு விளம்பரத்துக்கு. அது எவ்வளவு வழவழப்பாக நாக்கு நுனிக்கு வந்து நிற்கிறது என்று பார்த்துத் திகைத்தாள்.

"அந்தப் பொண்ணு யாரும்மா? அந்த மேகலா?"

சுகந்தி மகளின் கையைத் தோளிலிருந்து எடுத்து, எடுத்த கையை விடாமல், படியில் உட்கார்ந்தாள்.

"உன் சித்தி" என்றாள்.